புகைக்குத் திறக்கும் ஜன்னல்

பஸ் வந்து நின்றால் அந்தச் சாலையில் எல்லா வீட்டு ஜன்னல்களும் சாத்திக்கொள்ளும். முதல் மாடியில் குடியிருக்கும் தையல்காரியின் ஜன்னல் மட்டும் திறக்கும்.

எல்லா பஸ்ஸுக்கும் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை. காலை ஏழு நாற்பது, ஒன்பது ஐம்பது, பன்னிரண்டரை, கடைசியாக மூன்று பத்து. அதற்கு அவள் கடிகாரம் பார்ப்பதில்லை. தெரு முனையில் பிரேக் ஒரு தடவை நீளமாக முனகும், உடனே சின்னதாக இன்னொரு தடவை. அப்படி இரண்டு தவணையாகப் பிரேக் பிடிக்கிற டிரைவர் அந்தத் தடத்தில் ஒருத்திதான். பள்ளிக்கூடம் போகிற வயதில் சைக்கிளையும் அவள் அப்படித்தான் நிறுத்துவாள்.

அவள் தையல்காரியின் மகள்.

சிக்னலில் சிவப்பு தொண்ணூறு விநாடி. ஒருவழிச் சாலை. வலது பக்கம் திரும்புவதற்காக பஸ் வீட்டுப் பக்கம் ஒட்டி நிற்கும். டிரைவர் உட்காரும் இடம் ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஒரு தோள் தெரியும், ஸ்டியரிங்கில் ஒரு கை, ஒதுக்கிக் கட்டிய கொண்டை. முகம் பாதிதான். மகள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்ததில்லை. பச்சை விழுந்ததும் பஸ் கறுப்பாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போகும். தையல்காரி ஜன்னலைச் சாத்திவிட்டு, பத்து நிமிஷம் இருமிவிட்டு, மறுபடி மெஷினில் உட்காருவாள்.

சண்டை பெரிய சண்டை இல்லை. அம்மாவும் மகளும் ஒரே மெஷினில் முறை வைத்துத் தைத்தவர்கள். கனரக வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து மகள் காட்டிய அன்று, தையல்காரிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, "அந்த ஸ்டியரிங்கைத் தொட்டா இந்த வாசல மிதிக்காதே" என்று சொல்லிவிட்டாள். வாய்க்கு வந்ததுதான். ஆனால் மகள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவள். சின்ன வயதில் "அங்கேயே நில்லு, வர்றேன்" என்று கடை வாசலில் விட்டுப் போனால் மழை வந்தாலும் ஒதுங்க மாட்டாள். அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு போனவள் வாசலை மிதிக்கவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

மகளுக்கு எந்தத் தடம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, பின் தெருவில் இருந்த அமைதியான வீட்டைக் காலி செய்துவிட்டு தையல்காரி இங்கே வந்தாள். பழைய வாடிக்கைக்காரர்கள் வாடகை குறைவு என்பதற்காகப் போகிறாள் என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

மூன்றாவது வருஷம் மழை விட்ட பிறகு ஒரு நாள் கழுத்தில் அடையாள அட்டையும், கையில் செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியுமாக ஒரு பெண் கதவைத் தட்டினாள். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்துப் பேசுகிற பெண். ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து வருகிறாளாம். வண்டிப் புகையால் ஊருக்கு வருஷத்துக்கு எவ்வளவு பண நஷ்டம் என்று கணக்கெடுக்கிறார்களாம். இந்தச் சாலையில் அறுபது வீடு, புகை இல்லாத பின் தெருவில் அறுபது வீடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் புகையின் விலை.

"புகைக்கு பில் போடறீங்களா?" என்றாள் தையல்காரி.

பெண் பேனாவைப் பார்த்துச் சிரித்தாள். "பில் போட்டுடலாம் ஆன்ட்டி. கட்ட வேண்டியது யாருங்கறதுலதான் தகராறு."

பெட்டியை ஜன்னலுக்கு உள்பக்கம் ஆணியில் மாட்டினாள். காற்றில் இருக்கிற தூசியை அது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொள்ளும். இரண்டு வாரம் இருக்கும். பிறகு துணி வெட்டுகிற மேஜையில் ஓர் ஓரமாக இடம் வாங்கிக்கொண்டு ஃபாரத்தை விரித்தாள்.

கேள்விகள் மூன்று பக்கம். இருமல் வருஷத்தில் எத்தனை நாள், டாக்டருக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, உடம்பு முடியாமல் எத்தனை நாள் வேலை நின்றது, ஒரு நாள் கூலி என்ன. தையல்காரி அளவு சொல்கிற மாதிரி டக் டக்கென்று சொன்னாள். அவளாகவே இன்னொன்றும் சொன்னாள். இங்கே வந்த பிறகு வெள்ளைத் துணி எடுப்பதில்லை. காலையில் வெட்டி வைத்தால் மாலைக்குள் சாம்பல் படிந்துவிடும். முன்பெல்லாம் ஆஸ்பத்திரி கோட்டு மட்டுமே மாதம் நாற்பது தைத்துக்கொண்டிருந்தாள். இதற்கு ஃபாரத்தில் எங்கே இடம் என்று பெண் புரட்டிப் பார்த்தாள். இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவள் குரல் இன்னும் இறங்கியது. "இந்த ரோட்டுல பஸ் புகையே இல்லாம பண்ணிடறோம்னு வைங்க. அதுக்காக மாசம் எவ்வளவு கொடுக்க நீங்க தயார்?"

"எப்படி இல்லாம பண்ணுவீங்க?"

முடிவு பண்ணுவது மேலே இருப்பவர்கள் என்றாள் பெண். நஷ்டம் பெரிய தொகையாக வந்தால் டீசல் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே புதுச் சாலையில் திருப்பிவிடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. தொகை சின்னதாக வந்தால் இப்படியே விட்டுவிடுவார்கள்.

தையல்காரி டேப்பைச் சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினாள்.

"ஒண்ணும் கொடுக்க மாட்டேன்" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களிடம் காரணம் கேட்க வேண்டும். அதற்கு மூன்று கட்டம் இருந்தது. வசதி இல்லை. அரசாங்கம்தான் செய்ய வேண்டும். புகையால் எனக்குத் தொந்தரவு இல்லை. இந்த மூன்றில் எது என்று பெண் கேட்டாள். தையல்காரிக்கு அப்போது இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே மூன்றாவதைக் கை காட்டினாள். பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு சொன்னபடி மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள்.

அவள் படியிறங்கிய பிறகு தையல்காரி பெட்டியின் எதிரில் நின்றாள். மூலையில் பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டி எழுதுவதுதான் தொகை. தொகை கூடினால் பஸ் போய்விடும். ஜன்னலைத் திறந்தால் கூடும்.

கணக்கு அவளுக்கு நன்றாகவே புரிந்தது. இரண்டு வாரம். மூன்று வருஷத்தோடு பார்த்தால் இரண்டு வாரம் என்ன பெரிய விஷயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழைய துணியை நீளமாகக் கிழித்து ஜன்னல் இடுக்கில் அடைத்தாள். ஜன்னலில் இருந்தது பனிக் கண்ணாடி. அதில் வெளிச்சம் வரும், ஆள் தெரியாது.

முதல் நாள் ஏழு நாற்பதுக்குப் பிரேக் இரண்டு தடவை முனகியது. தையல்காரி மெஷினிலேயே உட்கார்ந்திருந்தாள். பனிக் கண்ணாடியில் பெரிய பச்சை நிழல் ஒன்று வந்து நின்றது. அவள் மனதுக்குள் எண்ணினாள். தொண்ணூறு. நிழல் போனது.

மூன்றாம் நாளுக்குள் எண்ணுவது பழகிவிட்டது. சில சமயம் எண்பத்தைந்தில் நகர்ந்துவிடும், சில சமயம் யாராவது குறுக்கே வந்து நூறைத் தாண்டும். அந்தப் பத்து விநாடி இனாமாகக் கிடைத்த மாதிரி இருக்கும். இன்றைக்கு மகள் சுவெட்டர் போட்டிருப்பாளா, கையில் அந்த நீலக் கடிகாரம் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்தபோதும் இதெல்லாம் தெரிந்து ஒன்றும் ஆகிவிடவில்லைதான்.

உடம்புதான் அவளைக் கேட்காமல் தேறிக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி இருமல் எழுப்பவில்லை. ஏழாம் நாள் மேஜையைத் துடைத்த துணி கறுக்கவில்லை. எட்டாம் நாள் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆறு கோட்டுக்குத் துணி வாங்கி வந்தாள். வெள்ளைத் துணியில் கத்தரி ஓடுகிற சத்தமே வேறு. ஆனாலும் சந்தோஷமாக இல்லை. வீடு சுத்தமாக இருந்தது. விருந்தாளி வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் துடைத்து வைத்த வீடு மாதிரி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மூன்று பத்துக்கு நிழல் வந்து நின்றது. அவள் பதினைந்து எண்ணியபோது படியில் யாரோ திடுதிடுவென்று ஏறி வந்தார்கள். திறந்து பார்த்தால் பஸ் கண்டக்டர். தோளில் பை, கையில் ஒரு காக்கிச் சட்டை. பருத்த மனிதர், மூச்சு முட்டியது.

"இருபத்திரண்டு படி" என்றார். குற்றம் சாட்டுகிற மாதிரி இருந்தது. "சட்டைக் கை மூட்டு விட்டுப் போச்சும்மா. தைச்சு வைங்க. நாளன்னைக்கு இதே நேரத்துக்கு வந்து வாங்கிக்கறேன். ஆமா, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

தையல்காரி சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மூட்டு கிழியவில்லை. மூன்று மூன்று தையல் விட்டு ஒவ்வொரு நாலாவது தையலையும் வெட்டி, பின்பக்கத்து நூலை ஒரே இழுப்பாக உருவியிருந்தார்கள். துணிக்கு ஒரு சின்னக் காயம்கூட இல்லை. அப்படிப் பிரிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. இவளிடம் கற்றுக்கொண்டவள் ஒருத்திதான்.

"இதைப் பிரிச்சது யாரு?"

கண்டக்டர் படிக்கட்டு ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார். சிவப்பு இன்னும் இருந்தது. "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். இரண்டு விநாடிதான் அவரால் தாங்க முடிந்தது. "டிரைவர் மேடம்தான். நல்லா இருந்த சட்டைம்மா. பதினோரு நாளா இந்த ஜன்னல் திறக்கலன்னு ஒரே புலம்பல். ஏதாவது சாக்கு சொல்லி ஏறிப் பாத்துட்டு வாங்கன்னு, கழட்டு சட்டையன்னு சொல்லிட்டாங்க."

"அவ மேல பாக்கறதே இல்லையே" என்றாள்.

"எப்படிப் பாப்பாங்க, டிரைவராச்சே. கண்ணாடியிலதான். இந்த சிக்னல் வந்தா பக்கவாட்டுக் கண்ணாடிய வானத்தப் பாத்துத் திருப்பிடுவாங்க. பச்சை விழுந்ததும் பழையபடி திருப்பிக்குவாங்க. மூணு வருஷமா நான் கேக்கறேன், மேடம், மேலேருந்து யாராவது ஓவர்டேக் பண்றாங்களான்னு." சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்லிடறேன். அவங்களுக்குத்தான் ரெண்டு மாசமா இருமல். ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம்."

அவர் இறங்கி ஓடினார். தையல்காரி இடுக்கிலிருந்த துணியைப் பிய்த்தெடுத்து ஜன்னலைத் திறந்தாள். மெஷினில் வெள்ளைக் கோட்டு விரித்தபடியே கிடந்தது, அதை மூடவேண்டும் என்று தோன்றவில்லை. கீழே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. முதல் தடவையாக அவள் தோளையும் கொண்டையையும் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். இரண்டு கண்ணும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

பச்சை விழுந்தது. டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து கண்ணாடியைத் திருப்பியது. பஸ் போனது. புகை ஏறிப் பெட்டியின் விளக்கு சிவப்பாக மாறியிருந்தது.

அதற்கப்புறம் மகள் ஓட்டி வந்த எந்த பஸ்ஸையும் அவள் விடவில்லை.

பதினான்காம் நாள் இரண்டரை மணிக்குப் பெட்டிப் பெண் வந்தாள். மடிக் கணினியில் கம்பியைச் செருகிப் பார்த்தவள் முகம் வாடிவிட்டது. பெட்டியில் ஏதோ கோளாறு என்றாள். முதல் பதினோரு நாள் கோடு படுத்துக் கிடக்கிறது. பிறகு திடீரென்று ஒரு நாளைக்கு நான்கு தடவை மலை மாதிரி ஏறுகிறது. அதுவும் பஸ் நிற்கிற நேரத்தில். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் எல்லாரும் சாத்திவிடுவார்கள், அளவு இறங்கத்தான் செய்யும். இங்கே மட்டும் தலைகீழ். மாட்டினதே சரியில்லை என்று தன்னைத்தான் திட்டுவார்கள் என்று சொல்லும்போது பேனாவைக்கூடப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

தையல்காரி சட்டைக் கையைப் பொருத்தி முடித்து நூலைக் கடித்தாள். "பெட்டி சரியாத்தான் இருக்கு பாப்பா. நான்தான் உன்ன ஏமாத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். மகளை, வாசலை, நான்கு வேளையை, இடுக்கில் அடைத்த துணியை. பெண் கேட்டு முடித்த பிறகு, இந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றாள்.

"எடுத்துட்டா?"

"அறுபதுல ஒண்ணு கொறையும். பெரிசா ஒண்ணும் மாறாது."

அதாவது இவள் பார்க்காமல் இருந்த பதினோரு நாளால் பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறொன்று நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது.

"பஸ் ஓட்டறவங்க இருமறாங்களே, அது உங்க கணக்குல எங்க வருது?"

"வரல ஆன்ட்டி. ரோட்டோரம் குடியிருக்கறவங்கள மட்டும்தான் எடுக்கறோம்."

"அவ எட்டு மணி நேரம் ரோட்டுலதானே குடியிருக்கா?"

பெண் பேனாவை எடுத்தாள். ஃபாரத்தின் ஓரத்தில், வெள்ளைத் துணி என்று எழுதியிருந்ததற்குக் கீழே, எதையோ எழுதினாள்.

தையல்காரி ஜன்னலருகே போய் நின்றாள். இங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை ஒன்றரை நிமிஷம் திறந்ததற்கே நெஞ்சு இப்படி. மகளோ அந்தக் கறுப்பு மூச்சுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதை அப்படியே நீடிக்க வைக்கத்தான் இவள் துணி கிழித்து அடைத்தாள். ஒரு முகத்தைப் பார்ப்பதற்காக அந்த முகத்துக்கே புகையைப் பிடித்துவைத்த மாதிரி.

"பெட்டிய இன்னும் ரெண்டு வாரம் வை" என்றாள். "ஜன்னல எப்பவும் போலத் திறக்கறேன். இருக்கறத எழுதிக்கட்டும்."

"அளவு ரொம்ப அதிகமா வரும் ஆன்ட்டி."

"வரட்டும்."

"பஸ்ஸத் திருப்பி விட்டுட்டாங்கன்னா?"

"புதுச் சாலையில கூட்டம் இல்ல, கொஞ்சம் நல்ல காத்தாவது வரும்" என்றாள் தையல்காரி. "அந்தக் கடைசிக் கேள்விய இன்னொரு தடவை கேளு."

பெண் கேட்டாள். மெதுவாக, வார்த்தை மாறாமல்.

"மாசம் ரெண்டு கோட்டுக் கூலி. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

ஒன்றுமில்லை என்றவர்களிடம்தான் காரணம் கேட்க வேண்டும். தொகை சொன்னவர்களிடம் கேட்க வேண்டியதில்லை. பெண் எழுதிக்கொண்டாள்.

தெரு முனையில் பிரேக் முனகியது. நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று. தையல்காரி ஜன்னலைத் திறந்தாள். பெண் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். படியில் திடுதிடுவென்று சத்தம். கண்டக்டர் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சட்டையை வாங்கித் தடவிப் பார்த்தார். கூலி எவ்வளவு என்றார்.

"கூலி வேணாம். உங்க மேடம்கிட்ட ஒண்ணு சொல்லணும்." தையல்காரி கதவு நிலையைக் கையால் பிடித்துக்கொண்டாள். "மிதிக்காதேன்னு நான் சொன்னது பழைய வீட்டு வாசல. இந்த வாசலப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

கண்டக்டர் ஸ்டாப் பேர் படிக்கிற மாதிரி திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "பழைய வீட்டு வாசல். இந்த வாசல் இல்ல. சரி." புரிந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. இறங்கிப் போனார்.

தையல்காரி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் கண்கள் இருந்தன. பிறகு கண்டக்டரின் தலை வந்து மறைத்தது. அவர் ஏதோ சொன்னார். மறுபடி ஏதோ சொன்னார். தலை விலகியபோது முகம் அங்கே இல்லை, கண்ணாடியில் சீட்டின் முதுகுதான் தெரிந்தது. மகள் ஸ்டியரிங் மேல் குனிந்திருந்தாள்.

பச்சை விழுந்தது. பஸ் நகரவில்லை. பின்னால் ஒரு ஹாரன், அதைத் தொடர்ந்து நாலைந்து. பெண் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பழக்கம். நூற்றுப் பன்னிரண்டு விநாடி ஆன பிறகு பஸ் அசைந்தது. கண்ணாடியைத் திருப்ப வெளியே வரும் கை இன்று வரவில்லை. வானத்தைப் பார்த்தபடியே அந்தக் கண்ணாடி மூலை திரும்பி மறைந்தது.

மூன்று பத்துதான் கடைசி ட்ரிப். டிப்போவில் வண்டியை விட்டுக் கணக்கு ஒப்படைக்க நாலு மணி ஆகும் என்று தையல்காரிக்குத் தெரியும். டிப்போவிலிருந்து இங்கே நடந்து வர எவ்வளவு நேரம் என்று அவள் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நடந்து பார்த்ததில்லை.

பெண் மடிக் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். படியில் இரண்டு எட்டு இறங்கியவள் திரும்பி, கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னாள். மலை மாதிரி ஏறின கோடு இறங்க இருபது நிமிஷமாவது ஆகும், அதுவரை கதவும் திறந்திருந்தால் வீடு முழுக்கப் புகைதான்.

"இருக்கட்டும் பாப்பா" என்றாள் தையல்காரி.

அவள் மெஷினில் உட்கார்ந்து ஆறாவது கோட்டை எடுத்தாள். காலரில் லேசாகச் சாம்பல் படிந்திருந்தது. தட்டிவிட்டுத் தைக்கத் தொடங்கினாள். வாசல் கதவு திறந்தே இருந்தது. ஆணியில் பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டிருந்தது.